எண்ணாயிரம் யாத்திரை

பழைய சர்வகலாசாலை ஒன்றைக் காண வேண்டுமென்றால் நம்மவர் மனம் நாலந்தாவை நாடுகிறது. ஆக்ஸ்போர்டைக் கண்டு வந்தோரும் உளர். அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் கள்ளக்குறிச்சியிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு, உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் வழியாகச் சென்று, அன்றிரவே வீடு திரும்பக்கூடிய தூரத்தில் எண்ணாயிரம் என்னும் கிராமம் இருக்கிறது. அதனை அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

அவ்வூர்ப் பெருமாள் கோயிலின் சாசனம் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தது. 340 வித்தியார்த்திகளையும் 14 ஆசிரியர்களையும் போஷிக்க 45 வேலி நிலம் விடப்பட்ட செய்தி அதில் காண்கிறது. வேதம், வியாகரணம், மீமாம்ஸை, வேதாந்தம் ஆகியவை பாடங்கள். இளைய மாணாக்கர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 6 நாழி நெல் என்று அளவும் குறித்திருக்கின்றனர். பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை அக்காலத்தவர் நன்குணர்ந்திருந்தனர்.

செல்வோர் கலாசாலைக் கட்டடத்தைத் தேட வேண்டாம். கோயிலையும் கல்லெழுத்தையுமே காண்பர். ஆதலின் சாசனம் படிக்க வல்லார் ஒருவரை உடனழைத்துச் செல்வது நலம்.

பழம்பெருமை பேசித் திரும்புதல் மட்டும் போதாது. அக்கலாசாலையின் கதவு வேதம் ஓதுவோர்க்கே திறந்திருந்தது. நம் கல்வராயன் மலைவாசிகளோ 1976-ஆம் ஆண்டு வரை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் கிடந்தனர். ஆகவே யாத்திரை போவோர் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் சிலரையும் தம் செலவில் அழைத்துச் செல்க. அவர்களில் ஒருவனுக்கேனும் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்க. கள்ளக்குறிச்சி அன்பர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.