அக்கா, இந்தக் கலர் இருக்கா?

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளையில் தறியிலிருந்து இறங்கும் சேலைகளில் பல இன்று எந்தக் கடை அலமாரியிலும் ஏறாமலே திருநெல்வேலிக்கும் திருவாரூருக்கும் போய்ச் சேர்கின்றன. உற்பத்தியாளர் படம் அனுப்புகிறார். ரீசெல்லர் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெண்கள் அதைத் தங்கள் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஸ்டேட்டஸிலும் போடுகிறார்கள். யாரோ ஒருவர், "அக்கா, இந்தக் கலர் இருக்கா?" என்று கேட்கிறார். வியாபாரம் அங்கேதான் தொடங்குகிறது.

சமூக ஊடகத்தில் தொழில் செய்வதென்றால் ஓயாமல் பதிவு போடுவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பதிவு ஆளை வாசல் வரை கூட்டிவரும், அவ்வளவுதான். அவர் சேலை எடுப்பதும், மறுபடி வருவதும், தங்கச்சிக்கு நம் எண்ணைக் கொடுப்பதும் நாம் சொல்லும் பதிலைப் பொறுத்தது. பதில் சொல்வதற்கென்றே உருவான ஒரு கருவி இருக்கிறது. பலரும் அதை போனில் வைத்துக்கொண்டு பாதியைக்கூடப் பயன்படுத்துவதில்லை. அது வாட்ஸ்அப் பிசினஸ்.

வாட்ஸ்அப் 2009இல் தொடங்கியது. 2014இல் ஃபேஸ்புக் அதை வாங்கியது. சிறு தொழில்களுக்கான தனிச் செயலி 2018 ஜனவரியில் வந்தது. இறக்கிக்கொள்ளக் காசில்லை. தனி எண் ஒன்றில் அதைத் தொடங்குவது நல்லது. வீட்டு எண்ணையே கடை எண்ணாகவும் கொடுத்துவிட்டால் இரவு 11 மணிக்கு வரும் அழைப்பைத் தவிர்க்க வழியிருக்காது. வீட்டிலிருந்தபடி விற்கும் பெண்களுக்கு இது முக்கியமான பாதுகாப்பு. ஒரே எண்ணை இன்னும் 4 கருவிகளில் இணைத்துக்கொள்ளலாம் என்பதால், நீங்கள் பார்சல் கட்டும்போது வீட்டில் இன்னொருவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம்.

2019 நவம்பரில் கேட்டலாக் வசதி சேர்ந்தது. 500 பொருள்கள் வரை படம், விலை, விவரத்தோடு அடுக்கிவைக்கலாம். விற்றுத் தீர்ந்ததை அன்றே மறைத்துவிட வேண்டும். இல்லாத சேலையைக் கேட்டு வந்து ஏமாந்தவர் மறுபடி கேட்கத் தயங்குவார். அடிக்கடி வரும் கேள்விகளுக்குத் தயார் பதில்களை எழுதிவைத்துக்கொண்டு, ஒரு சாய்கோடும் குறுக்குச் சொல்லும் தட்டினால் முழுப் பதிலும் வந்து நிற்கும். கூரியர் கட்டணம், எத்தனை நாளில் வரும், பிளவுஸ் பீஸ் உண்டா, சிஓடி (பொருள் கைக்கு வந்தபின் பணம்) உண்டா எல்லாம் இப்படிச் சொல்லத் தக்கவை. முதல்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதுபவருக்கும் தானாகவே போகும் வரவேற்புச் செய்தியும் உண்டு. "வருகைக்கு நன்றி" என்று மட்டும் அதில் எழுதுவதால் பயனில்லை. "காலை 10 முதல் இரவு 8 வரை பதில் சொல்வோம், உங்களுக்குப் பிடித்த சேலையின் படத்தை அனுப்பிவையுங்கள்" என்றால் கேட்டவருக்கு எப்போது பதில் வரும் என்று தெரியும். நமக்கும் அடுத்த வேலை எளிதாகும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது லேபிள். ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரு நிற அடையாளம் போடலாம். பணம் வரவேண்டியவர், பணம் கட்டியவர், பார்சல் போனவர், புகார் சொன்னவர் என்று நான்கு நிறம் போதும். தீபாவளிக்கு முந்தைய வாரம் முப்பது நாற்பது பேர் ஒரே நேரத்தில் எழுதும்போது, பணம் கட்டிவிட்டு டிராக்கிங் எண்ணுக்குக் காத்திருப்பவர் கீழே போய்ப் புதைந்துவிடுவார். லேபிளைத் தொட்டால் அவர்கள் மட்டும் வரிசையாக வந்து நிற்பார்கள். முதலில் அவர்களுக்கு எழுதுங்கள். காசு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவரின் மனசு வேறு.

ஆட்களை வரவழைக்க இன்ஸ்டாகிராம் நன்றாக உதவுகிறது. 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்டதும், ஜூலையிலேயே இன்ஸ்டாகிராமின் குட்டி வீடியோ வசதியான ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. உங்களைப் பின்தொடராதவர் கண்ணிலும் அது படும். ஆனால் அங்கே சேலையைக் காட்டிவிட்டு "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க சிஸ்" என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடலாம். விலை தெரியாமல் கேட்கக் கூச்சப்படுபவர்கள் நிறைய. கேட்டபின் கட்டுப்படியாகாது என்று சொல்ல அதைவிடக் கூச்சம். விலையைப் போட்டுவிட்டால், வருபவர் வாங்கும் எண்ணத்தோடு வருவார்.

இனி நிறம். இந்தத் தொழிலில் சண்டை வருவது பெரும்பாலும் இதனால்தான். "கலர் சற்று மாறுபடலாம்" என்ற ஒரு வரியால் அது தீராது. டியூப்லைட் வெளிச்சம், மஞ்சள் பல்பு, ஜன்னல் வெயில் ஒவ்வொன்றிலும் போன் கேமரா வெள்ளையைத் தன் கணக்கில் சரிசெய்துகொள்கிறது. அதனால் மற்ற நிறங்களும் நகர்ந்துவிடுகின்றன. அடர் சிவப்பும் அரக்கும் கேமராவில் எளிதில் பொங்கி, உள்ளே இருக்கும் நெசவே தெரியாமல் போய்விடும். அதன்மேல் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. இப்படிச் சுருக்கும்போது வெளிச்ச வேறுபாட்டைவிட நிற வேறுபாடுதான் அதிகம் தியாகமாகிறது, மெல்லிய ஜரிகைக் கோடு மங்குவது அதனாலும்தான். எச்டி என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அல்லது ஆவணமாக அனுப்புங்கள். ஆவணமாக அனுப்பினால் படம் சுருங்காது.

மயில் கழுத்து நிறச் சேலைக்கு இது எதுவும் போதாது. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். பார்க்கும் கோணத்தைப் பொறுத்து ஒருமுறை நீலமாகவும் ஒருமுறை பச்சையாகவும் தெரியும். ஒரு படத்தில் ஒரு கோணம்தான் விழும். நேர்வெயில் படாத ஜன்னல் ஓரத்தில், வெள்ளைத் துணி ஒன்றைப் பக்கத்தில் போட்டு, முந்தியை மடிப்பு விட்டு மெதுவாகத் திருப்பிக் காட்டி ஒரு குட்டி வீடியோ எடுங்கள். வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறமும் ஏறக்குறைய சரியாக இருக்கும். பார்டரைக் கையால் பிடித்துக் காட்டினால் அகலமும் புரிந்துவிடும். அந்த வீடியோவில் உங்கள் குரலும் இருக்கட்டும்: "வெயிலில் பச்சை தூக்கலா தெரியும்மா, கல்யாண மண்டபத்து லைட்ல நீலமாத் தெரியும்." இதைக் கேட்டு வாங்கியவருக்கு நிறம் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்பக் காரணம் இராது.

புதுச் சரக்கு வந்ததும் பழைய வாடிக்கையாளருக்குச் சொல்ல பிராட்காஸ்ட் பட்டியல் இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்துவைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும். இந்தக் கட்டுப்பாட்டைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது: நம்மை வேண்டும் என்று வைத்துக்கொண்டவருக்கு மட்டும் நாம் பேசுகிறோம். எங்கிருந்தோ வாங்கிய எண்களுக்கு மொத்தமாகச் செய்தி தட்டும் மென்பொருள்களை நம்ப வேண்டாம். பெறுபவர்கள் பிளாக் செய்து புகாரும் கொடுத்தால் கணக்கே முடங்கிப்போகும். வருடக்கணக்கில் சேர்த்த வாடிக்கையாளர் தொடர்பு அதோடு போய்விடும்.

பார்சல் போன பிறகு இன்னொரு கட்டம். "ஓப்பனிங் வீடியோ இல்லாமல் டேமேஜ் ஏற்க மாட்டோம்" என்பது, அதாவது பார்சலைப் பிரிக்கும்போதே எடுத்த வீடியோ வேண்டும் என்பது, இன்று பல ரீசெல்லர்கள் சொல்லும் விதி. விற்பவரின் பயம் புரிகிறது. ஆனால் அதைப் பணம் வாங்கும் முன்னாலேயே சொல்ல வேண்டும். பார்சலைப் பிரித்துவிட்ட பெண்ணிடம் பிறகு சொல்வது அநீதி. 2020ஆம் ஆண்டின் இணையவழி வணிக விதிகள், புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்கச் சொல்கின்றன. நன்றாக விற்கும் வீட்டுத் தொழிலில் 48 மணி நேரம்கூட அதிகம். "பார்த்துட்டேன்மா, தறிக்காரர்கிட்ட கேட்டுட்டு சாயங்காலம் சொல்றேன்" என்று அப்போதே எழுதி, சாயங்காலம் சொல்லியும்விட்டால் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

பண விஷயத்தில் மட்டும் யாருடைய சொல்லையும் நம்பிப் பார்சல் அனுப்பக் கூடாது. யுபிஐ மூலம் கட்டியதாக வரும் ஸ்க்ரீன்ஷாட்டைப் போலியாகச் செய்ய முடியும். வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகே லேபிளைப் 'பணம் கட்டியவர்' என்று மாற்றுங்கள். பணம் பெற யுபிஐ பின் எண் தேவையே இல்லை, கேட்டால் அது மோசடி. வாட்ஸ்அப் அனுப்பும் 6 இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம். அது கைமாறினால் உங்கள் கணக்கு திருடன் கைக்குப் போய்விடும். உங்கள் பெயரில், உங்களை அக்கா என்று கூப்பிடும் அத்தனை பேரிடமும் அவன் பணம் கேட்பான். அமைப்புகளில் இரண்டு படி சரிபார்ப்பை இயக்கி, உங்களுக்கு மட்டும் தெரிந்த பின் எண் ஒன்றைப் போட்டுவையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, தொகையை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.