ஆய்வுகூட முன்பள்ளியும் புத்தளம் கரையோரச் சிறார்களும்

ஐந்து வயதில் முதலாம் தரத்தில் காலடி வைக்கும் பிள்ளை, அன்றுதான் கற்கத் தொடங்குகிறது என்று எண்ணுவது தவறாகும். பேச்சு, எண்ணம், பழக்கம், பிறரோடு பழகும் பண்பு ஆகியவற்றின் அத்திவாரம் அதற்கு முன்னரே இடப்பட்டு விடுகிறது. ஆயினும் நமது நாட்டில் 5 முதல் 16 வயது வரையிலான கல்வியையே சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. அதற்கு முந்திய பருவம் முறைசார் கல்விக்கு வெளியிலேயே நிற்கிறது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் முன்பள்ளிகளின் மேற்பார்வையை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. நடைமுறையிலோ பள்ளிவாசல், கோவில், தேவாலய நிருவாகங்களும் கிராமச் சங்கங்களும் தனியாருமே அவற்றில் பெரும்பாலானவற்றைத் தத்தமக்கு இயன்றவாறு நடத்தி வருகின்றனர்.

இந்த நிலைமையின் தாக்கத்தைப் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் தெளிவாகக் காணலாம். கற்பிட்டிக் குடாநாடு, புத்தளம் களப்பு, பாலாவி உப்பளங்கள், முந்தல், உடப்பு, சிலாபம் என நீளும் இக்கரையோரத்தில் மீன்பிடியும் உப்பும் தோட்டப் பயிர்களுமே பெரும்பாலான குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. பருவத்துக்குப் பருவம் வாடியமைத்து இடம் மாறும் குடும்பங்களும் உள்ளன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட சுமார் 75 ஆயிரம் முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் தஞ்சம் புகுந்ததும் இந்த மாவட்டத்திலேயே. அகதி முகாம்களின் கிடுகுக் கொட்டகைகளில் இளம் பெண்கள் தொண்டர்களாக நின்று சின்னஞ்சிறார்களுக்குப் பாடம் புகட்டிய காலத்தை எவரும் மறந்துவிட முடியாது. அவர்களிடம் பயிற்சி இருக்கவில்லை. பரிவு நிறையவே இருந்தது.

ஆனால், பரிவு மட்டும் போதாது. இன்று நமது முன்பள்ளிகள் பலவற்றில் மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சில் திணிக்கப்படுகிறது. கொப்பியில் எத்தனை பக்கம் நிரம்பியது என்பதே பெற்றோரின் அளவுகோலாகிவிட்டது. விரல் தசைகளும் மணிக்கட்டும் எழுத்துக்கு ஆயத்தமாவதற்கு முன் எழுதப் பணிக்கப்படும் பிள்ளைக்கு எழுத்தின் மீது வெறுப்பே மிஞ்சக்கூடும். களிமண் பிசைதல், மணி கோத்தல், சிப்பி பொறுக்கி வகை பிரித்தல் என்பனவே எழுத்துக்கான உண்மையான ஆயத்தம். 1944 இல் இலங்கைக்கு வந்த மரியா மொண்டிசோரி அம்மையார் கைகளின் வேலைக்கே முதலிடம் கொடுத்தார். அவரது பெயர் பெயர்ப்பலகைகளில் தொங்குகிறது. முறையோ உள்ளே இருப்பதில்லை.

இங்குதான் பல்கலைக்கழக ஆய்வுகூட முன்பள்ளி என்னும் ஏற்பாடு முக்கியத்துவம் பெறுகிறது. 1896 இல் ஜோன் டூயி சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடப் பாடசாலையொன்றைத் தொடங்கினார். பௌதிகவியலுக்கு ஆய்வுகூடம் எவ்வாறு அவசியமோ அவ்வாறே கல்வியியலுக்கும் உயிருள்ள பாடசாலையொன்று அவசியம் என்பது அவரது நிலைப்பாடு. இந்தியாவில் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் சேத்தன் பால்வாடி இம்மரபில் வந்தது. நமது நாட்டில் நாவலையிலுள்ள இலங்கை திறந்த பல்கலைக்கழகமும் தனது முன்பிள்ளைப் பருவக் கல்வித் துறையோடு இத்தகைய முன்பள்ளியை இணைத்துள்ளது.

ஆய்வுகூடம் என்ற சொல்லைக் கேட்டுப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. அங்கு பிள்ளைகள் பரிசோதனைப் பொருட்கள் அல்லர். அவர்கள் மணலிலும் நீரிலும் மரக்கட்டைகளிலும் விளையாடுகிறார்கள், கதை கேட்கிறார்கள், பாடுகிறார்கள். ஆசிரிய மாணவர்கள் அவர்களை இடையூறின்றி அவதானித்துக் குறிப்பெடுக்கிறார்கள். எந்தப் பிள்ளை தனித்து நிற்கிறது, எது பேசத் தயங்குகிறது, எதன் செவிப்புலனில் குறை இருக்கலாம் என்பன அக்குறிப்புகளில் பதிவாகின்றன. மறுநாளைய செயற்பாடு அவற்றிலிருந்தே திட்டமிடப்படுகிறது. ஆக, பிள்ளைக்குக் கல்வி, ஆசிரியைக்குப் பயிற்சி, ஆய்வாளருக்கு அறிவு, பெற்றோருக்கு வழிகாட்டல் என நான்கு பயன்கள் ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன.

இதன் பயன் வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1972 இல் தொடங்கிய அபிசிடேரியன் திட்டத்தில் வறிய குடும்பங்களின் 111 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கைக்குழந்தைப் பருவம் முதல் ஐந்து வயது வரை தரமான கல்வியும் பராமரிப்பும் வழங்கப்பட்டன. 21 வயதில் நோக்கியபோது, அவ்வாய்ப்பைப் பெற்றோரில் நான்காண்டுக் கல்லூரிப் படிப்புக்குச் சென்றவர்களின் வீதம் ஏனையோரை விட இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது.

எனினும் ஆய்வுகூட முன்பள்ளிகளுக்கு ஒரு குறையும் உண்டு. அவை பெரும்பாலும் பல்கலைக்கழக வளாகத்தைச் சூழவுள்ள வசதியான, படித்த குடும்பங்களின் பிள்ளைகளையே கொண்டிருக்கின்றன. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் பிங் முன்பள்ளியில் வோல்டர் மிஷெல் நடத்திய இனிப்பு ஆய்வு உலகப் புகழ் பெற்றது. ஓர் இனிப்பை உடனே உண்ணாமல் பொறுத்திருந்து இரண்டைப் பெறும் பிள்ளை பிற்காலத்தில் சிறந்து விளங்கும் என்று அதிலிருந்து பலரும் முடிவு கட்டினர். ஆனால் 2018 இல், பல்வேறு பின்னணிகளைக் கொண்ட 900 க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகள் ஆராயப்பட்டபோது, குடும்பச் சூழலைக் கணக்கிலெடுத்தால் அத்தொடர்பு பெரிதும் மெலிந்துவிடுவது தெரியவந்தது. எங்கோ கண்டறிந்த முடிவை எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருத்த முடியாது என்பதே இதன் படிப்பினை.

ஆகவேதான் கரையோரச் சிறார்களைக் கரையோரத்திலேயே அவதானிக்க வேண்டும் என்கிறோம். இங்குள்ள முஸ்லிம் பிள்ளை முன்பள்ளியில் தமிழ் எழுத்தை இடமிருந்து வலமாகவும், குர்ஆன் மத்ரஸாவில் அரபு எழுத்தை வலமிருந்து இடமாகவும் ஏறத்தாழ ஒரே வயதில் கற்கிறது. வீதியில் சிங்களமும் அதன் காதில் விழுகிறது. இது சுமையா, வரமா? எந்த ஒழுங்கில் கற்பித்தால் பிள்ளைக்கு இலகு? இவற்றுக்கான விடையை சிக்காகோவோ ஸ்டான்போர்டோ நமக்குத் தர முடியாது.

மொழியைப் பொறுத்தவரை இக்கரையோரத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையிலான கத்தோலிக்க மீனவக் கிராமங்கள் பலவற்றில் வீட்டு மொழியாக இருந்த தமிழ், பாடசாலைகளின் மொழி சிங்களமானதைத் தொடர்ந்து தலைமுறைக்குத் தலைமுறை பின்னடைந்தது. எவரையும் குறை கூறும் நோக்கில் இதனைக் குறிப்பிடவில்லை. பிள்ளை முதலில் நுழையும் வகுப்பறையின் மொழிக்கு எத்துணை வலிமை உண்டு என்பதை உணர்த்தவே சொல்கிறோம். தாய்மொழியில் காலூன்றிய பிள்ளை பிறமொழிகளையும் நன்கு கற்கும். அதற்குத் தமிழில் பயிற்சி பெற்ற முன்பள்ளி ஆசிரியைகள் தேவை.

புத்தளம் மாவட்டத்துக்கெனத் தனியான அரச பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. வடமேல் பல்கலைக்கழகம் அமைந்திருப்பது குருநாகல் மாவட்டத்திலாகும். ஆயினும் திறந்த பல்கலைக்கழகத்தின் கற்கை நிலையமொன்று புத்தளத்தில் இயங்குகிறது. அப்பல்கலைக்கழகம் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ்க் கற்கையைத் தமிழ் மொழியிலும் நடத்துகிறது. இவ்விரண்டையும் இணைத்து, புத்தளத்திலோ கற்பிட்டியிலோ தமிழ் மொழிமூல ஆய்வுகூட முன்பள்ளியொன்றை நிறுவுவது இயலாத காரியமன்று. ஏற்கனவே இயங்கும் முன்பள்ளியொன்றைத் தெரிந்தெடுத்து அதனைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்தாலும் போதும். அங்கு அனுமதி பெறும் பிள்ளைகளில் கணிசமானோர் மீனவ, உப்பளத் தொழிலாளர், இடம்பெயர்ந்தோர் குடும்பங்களைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். இல்லையேல் அதுவும் வசதி படைத்தோரின் மற்றொரு முன்பள்ளியாகவே முடியும்.

மாகாணக் கல்வி அதிகாரிகளும், பல்கலைக்கழகச் சமூகமும், பள்ளிவாசல், கோவில், தேவாலய நிருவாகங்களும் இது குறித்து ஒன்றாக அமர்ந்து பேச முன்வர வேண்டும். முன்பள்ளி ஆசிரியைகளின் வேதனம் பெற்றோர் செலுத்தும் சொற்பக் கட்டணத்திலேயே தங்கியிருக்கும் வரை பயிற்சி பெற்றவர்கள் அத்தொழிலில் நிலைக்க மாட்டார்கள் என்பதையும் அவர்கள் கவனத்திற்கொள்ள வேண்டும். பெற்றோரும் மாலையில் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, இன்று என்ன விளையாடினாய் என்று பிள்ளையிடம் கேட்கப் பழக வேண்டும்.

கிடுகுக் கொட்டகையில் பரிவோடு தொடங்கிய பணியை அறிவோடு தொடர வேண்டிய காலம் இது. தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் இக்கரையோரத்தின் ஒரு தொகுதிச் சிறார்கள், திரும்பக் கிடைக்காத அப்பருவத்தைக் கடந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள்.