பாஞ்சாலங்குறிச்சி நினைவுக் கோட்டை

பாஞ்சாலங்குறிச்சி நினைவுக் கோட்டை தூத்துக்குடி மாவட்டம், ஒட்டப்பிடாரம் வட்டத்தில் உள்ளது. பாளையக்காரர் வீரபாண்டியக் கட்டபொம்மனின் நினைவாகத் தமிழ்நாடு அரசு 1974 ஆம் ஆண்டு இதை எழுப்பியது. ஒட்டப்பிடாரத்திலிருந்து சுமார் 3 கி.மீ. தொலைவில், கரிசல் காட்டின் நடுவே இது அமைந்துள்ளது. இங்கே வருவோரில் பலர் இதையே கட்டபொம்மன் வாழ்ந்த கோட்டை என்று எண்ணிவிடுகின்றனர். உண்மையில் பழைய கோட்டை இருமுறை இடிக்கப்பட்டது. இன்று நிமிர்ந்து நிற்பது பிற்கால நினைவுச் சின்னம். இந்த வேறுபாட்டை அறிந்து பார்ப்பவருக்கே இவ்விடத்தின் வரலாறு முழுமையாக விளங்கும்.

பழைய கோட்டையின் அமைப்பு

1801 ஆம் ஆண்டுப் போரில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, தம் நினைவுக் குறிப்புகளில் இக்கோட்டையை வருணித்துள்ளார். அவர் கூற்றுப்படி, கோட்டை ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்டது. சுவரின் உயரம் சுமார் 12 அடி. கல்லோ சுண்ணாம்போ இன்றி, நன்கு இறுகிய மண்ணால் சுவர் கட்டப்பட்டிருந்தது.

மண்கோட்டை என்றதும் வலிமையற்றது என்று நினைக்கக் கூடாது. பீரங்கிக் குண்டு பட்டால் கற்சுவர் சிதறும். தடித்த மண்சுவரோ குண்டின் வேகத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். இடிந்த இடத்தை அதே ஊர் மண்ணைக் கொண்டு விரைவில் அடைக்கவும் முடியும்.

இருமுறை இடிந்த கோட்டை

வரி (கிஸ்தி) தொடர்பாகக் கும்பினியாருக்கும் கட்டபொம்மனுக்கும் பகை முற்றியது. 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் தலைமையிலான படை கோட்டையைத் தாக்கியது. கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மன் பின்னர் புதுக்கோட்டைப் பகுதியில் பிடிபட்டார். அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். கோட்டையும் இடிக்கப்பட்டது.

பாளையங்கோட்டைச் சிறையில் இருந்த அவருடைய தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2 அன்று தப்பினார். தரைமட்டமாகிக் கிடந்த கோட்டையை மக்கள் துணையுடன் ஆறே நாளில் மீண்டும் எழுப்பினார் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. மார்ச் 31 அன்று கும்பினிப் படை பீரங்கியால் சுவரில் உடைப்பு ஏற்படுத்தி உள்ளே நுழைய முயன்றது. நீண்ட ஈட்டிகளுடன் நின்ற வீரர்கள் அதைத் தடுத்து நிறுத்தினர். படை பெரும் இழப்புடன் பின்வாங்கியது. பிறகு கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்து சேர, கர்னல் அக்னியூ தலைமையில் மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது. நவம்பர் 16 அன்று ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

இம்முறை கோட்டையை இடித்ததோடு நில்லாமல், அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்றும், ஊரின் பெயரையே ஆவணங்களிலிருந்து நீக்கினார்கள் என்றும் இப்பகுதி மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

இன்று காணத்தக்கவை

1. நினைவுக் கோட்டை: மதிலும் நுழைவாயிலும் கொண்ட இக்கட்டடத்தின் உள்ளே கட்டபொம்மனின் வரலாற்றைச் சொல்லும் ஓவியங்கள் உள்ளன. பழைய கோட்டையின் நேர்ப்படியாக இதைக் கொள்ளலாகாது.

2. பழைய கோட்டையின் எச்சங்கள்: தரையோடு தரையாகத் தெரியும் அடித்தளப் பகுதிகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. உயரமாக எதுவும் இல்லாததால் பலர் இதைப் பார்க்காமலே திரும்பிவிடுகின்றனர். ஆனால் 1799, 1801 ஆம் ஆண்டு நிகழ்வுகளுக்கு நேரடிச் சான்று இதுவே.

3. ஆங்கிலேயர் கல்லறைகள்: போரில் இறந்த கும்பினிப் படையினரின் கல்லறைகள் கோட்டைக்கு அருகே உள்ளன. எதிர்ப்பு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு எதிர்த்தரப்பே விட்டுச்சென்ற சான்று இது.

4. வீரசக்கதேவி ஆலயம்: கட்டபொம்மனின் குலதெய்வமான சக்கம்மாளின் கோவில். ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் திருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்து மக்கள் ஜோதி ஏந்தி ஓடி வருகின்றனர்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது

நினைவுச் சின்னம் வேறு, தொல்லியல் எச்சம் வேறு. முன்னது, பின்வந்த மக்கள் எதை நினைவில் வைக்க விரும்பினார்கள் என்பதைச் சொல்கிறது. பின்னது, அன்று என்ன இருந்தது என்பதைச் சொல்கிறது. 1959 இல் வெளியான திரைப்படத்தைப் பார்த்துவிட்டுப் பெரிய அரண்மனையை எதிர்பார்த்து வருபவருக்கு அந்தத் தாழ்ந்த மண்மேடு ஏமாற்றம் தரலாம். அவ்வளவு எளிய மண்சுவரை வைத்துக்கொண்டு, பீரங்கிகள் கொண்ட ஒரு படையை மாதக்கணக்கில் தடுத்தார்கள் என்பதே இவ்வூரின் பெருமை.

அருகில் உள்ள இடங்கள்

ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சிதம்பரனார் பிறந்த இல்லம், எட்டயபுரத்தில் பாரதியார் இல்லம், கயத்தாறில் கட்டபொம்மன் நினைவிடம் ஆகியவற்றையும் இப்பயணத்தில் சேர்த்துக் காணலாம். கரிசல் பூமியில் வெயில் கடுமையாக இருக்கும் என்பதால் காலை வேளையில் செல்வது நல்லது.