களனிக் கரையிலே ஒரு குவாய்ப் பாலம்

அகத்திணைக்கு நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். அந்நிலத்து உணவு, விலங்கு, மரம், தொழில் முதலியன கருப்பொருள்; ஆங்கு வாழ்வோரின் ஒழுக்கம் உரிப்பொருள். வரலாற்றைத் தழுவிய நாவலைத் திரைப்படமாக்குவோர்க்கும் இவ்விலக்கணம் பொருந்துவதே. அவர் இடந்தேடுவது முதற்பொருளை நாடி. திரைக்கதை வகுப்பது உரிப்பொருளை நாடி. இவையிரண்டும் செவ்விதின் அமைந்தும், அந்நிலத்தில் உழைத்தவரை மறந்துவிட்டால் வரலாறு குறைபடும். இதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய சான்றொன்று உண்டு.

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹற்றன் செல்லும் சாலையிலே, களனி கங்கைக் கரையில் உள்ள ஊர் கித்துல்கல. டேவிட் லீன் நெறிப்படுத்திய ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்திற்குரிய பாலம் 1957ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இங்கேதான் வெடித்துச் சிதறியது. கதை நிகழும் நாடு சயாம். ஆங்கு யப்பானியர் கட்டுவித்த பாலமோ காஞ்சனபுரி நகருக்கருகே சமதரையில் அமைந்தது. படத்திற்கு வேண்டியிருந்தவை அடர்ந்த காடும், உயர்ந்த கரைகளும், பாறைகளிடையே பாயும் ஆறுமாம். அவை கித்துல்கலவில் ஒருங்கே வாய்த்தன. அங்கு மெய்யாகவே மரப்பாலம் கட்டி, அதன்மேற் புகையிரதத்தை ஓடவிட்டு, வெடிவைத்துத் தகர்த்தனர். கல்கிசை ஹோட்டல் படத்திலே வைத்தியசாலையாயிற்று.

திரைக்கதை உருவான வரலாறு இன்னும் சிந்தனைக்குரியது. மூலம், பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் பூல் 1952இல் வெளியிட்ட நாவல். போருக்கு முன்னர் மலாயா இறப்பர்த் தோட்டத்திற் பணிபுரிந்தவர் அவர். நாவலிலே பாலம் தகர்வதில்லை, படத்திலே தகர்கிறது. தான் கட்டிய பாலத்தின்மீது கொண்ட பெருமையாற் பகைவனுக்கே துணைபோன ஆங்கிலத் தளபதி, இறுதிக் கணத்திலே தன் செயலை உணர்வதாகக் கதை மாற்றப்பட்டது.

இதனைக் கார்ல் போர்மன் எழுதத் தொடங்க, மைக்கேல் வில்சன் திருத்தி எழுதினார். இருவரும் பொதுவுடைமையர் எனக் கருதப்பட்டு ஹொலிவூட்டில் விலக்கப்பட்டிருந்தவர்கள். ஆதலின் படத்திலே அவர் பெயர் இடம்பெறவில்லை. 1958இல் திரைக்கதைக்கான ஒஸ்கார் பரிசு பூல் ஒருவருக்கே சென்றது. 1984இலேதான், இருவரும் மறைந்த பின், அப்பரிசு அவர்க்குரியதென ஏற்கப்பட்டது.

எழுதியவர் பெயர் காலந் தாழ்த்தியேனும் மீண்டது. பாதையிட்டு மாண்டவர் பெயர் என்னாயிற்று?

சயாமையும் பருமாவையும் இணைத்த 415 கிலோமீற்றர்ப் புகையிரதப் பாதை 1942, 1943ஆம் ஆண்டுகளில் இடப்பட்டது. அதில் வருந்திய நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவருள் மாண்டோர் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர் தொகையோ அதனினும் மிகப் பெரிது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அவருள் அடங்குவர். வாந்திபேதி, மலேரியா, பசி என்பவற்றால் இறந்த ஆசியர் 90,000 வரை இருக்கலாமென மதிப்பிடுவர். கைதிகளிடையே படை வைத்தியரும் கட்டுப்பாடும் பெயர்ப் பதிவும் இருந்தன. தொழிலாளர்க்கு இவை வாய்த்தில. காஞ்சனபுரி மயானத்திலே கைதிகளின் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. தமிழருட் பெரும்பாலோர் பெயரறியாக் குழிகளில் மறைந்தனர். வீழ்ந்தவனுக்குப் பெயர் பொறித்து நடுகல் நாட்டியது நம் மரபு என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கின்றது.

பூலின் நாவல் ஒரு தளபதியின் மனத்தை ஆராய்வது. அதனைப் படமாக்கியவரைக் குறை கூறி அமைதல் எளிது, அதனாற் பயனில்லை. அத்தமிழரின் துயரத்தை மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலிலும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்னும் நாவலிலும் எழுதியுள்ளனர். திரைக்கதை எழுத விழையும் மாணவர் இவற்றைக் கற்றல் வேண்டும். மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் எஞ்சியுள்ள நினைவுகளையும் கேட்டெழுதுதல் வேண்டும். சயாமின் ஆற்றுக்கு ஈடாக நம் களனி கங்கையைக் காட்டலாம், காண்போர் ஏற்பர். அவ்வாற்றங்கரையில் உழைத்து மாண்டவரைக் காட்டுவதற்கோ, அவர் யாவர் என்பதைத் தேடியறிதலன்றி வேறு வழியில்லை.