வழிநூலா, தனிநூலா? லினக்ஸ் கருவின் எல்லை வழக்கு

நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தினர் தமிழ் இலக்கண ஆசிரியர். முதனூலைத் தழுவி, வேண்டும் வேறுபாடுகளையும் அமைத்துச் செய்யப்படுவது வழிநூல். தொல்காப்பியத்திற்கு நன்னூலை வழிநூல் என்பது கற்றோர் வழக்கு. இப்பகுப்பு ஏட்டுச்சுவடிக் காலத்தோடு பயனற்றுப் போய்விடவில்லை. கணினிக்கென எழுதப்படும் நிரல்களுள் எது வழிநூல், எது தனிநூல் என்னும் வினா இன்று அறிஞரையும் வணிகரையும் நீதிமன்றம் வரை கொண்டு சென்றுள்ளது. ஆன்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்போர் அனைவர்க்கும் இவ்வினாவில் தொடர்பு உண்டு. அக்கைப்பேசிகளை உள்ளிருந்து இயக்குவது லினக்ஸ் ஆகும்.

லினக்ஸின் அடிப்படைப் பகுதியை ஆங்கிலத்தில் 'கெர்னல்' என்பர். யோங் பெங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களை அறிந்தோர்க்கு இச்சொல்லின் பொருள் எளிதில் விளங்கும். செம்பனைப் பழத்தின் சதையிலிருந்து ஓர் எண்ணெயும், நடுவிலுள்ள பருப்பிலிருந்து வேறோர் எண்ணெயும் எடுக்கப்படுகின்றன. அப்பருப்புக்கும் கெர்னல் என்றே பெயர். சதைக்கும் பருப்புக்கும் இடையே வன்மையான ஓடு உண்டு.

கணினியின் அமைப்பும் இதனை ஒத்ததே. நினைவகம், திரை, வட்டு முதலிய உறுப்புகளை நேரே ஆளும் நிரல் தொகுதி கரு எனப்படும். கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் உதவும் நிரல்கள் அதற்கு வெளியே, பயனர் வெளியில் இயங்குவன. இவை வட்டைத் தாமே தொடமாட்டா. 'இக்கோப்பைத் திறந்து தருக' எனக் கருவிடம் கேட்டுப் பெறும். இவ்வேண்டுகோளை முறைமை அழைப்பு என்பர். இதுவே இடையிலுள்ள ஓடு.

இக்கருவை 1991-இல் எழுதி வெளியிட்டவர், பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ். 1992-இல் அதனை ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின்கீழ் வைத்தார். அவ்வுரிமத்தை வகுத்தவர் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன். அதன்படி நிரலை எவரும் பயிலலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆயின், அதற்கு வழிநூல் செய்து பிறர்க்கு வழங்குவோர் மூல நிரலையும் அதே உரிமத்தோடு வழங்குதல் வேண்டும்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். கருவின் துணைகொண்டு இயங்கும் நிரல் அனைத்தும் அதன் வழிநூல் ஆகுமா? ஆகுமாயின், மலேசியரான முத்து நெடுமாறன் ஆக்கிய செல்லினம் போன்ற தமிழ்ச் செயலிகளின் மூல நிரலையும் வெளியிட வேண்டியதாகும். டோர்வால்ட்ஸ் இவ்வையத்தை உரிமத்தோடு இணைத்த ஒரு சிறு குறிப்பால் நீக்கினார். முறைமை அழைப்பின் வழியாகக் கருவைப் பயன்படுத்தும் நிரல் வழிநூலாகக் கொள்ளப்படாது என்பது அக்குறிப்பின் கருத்து. பயனர் வெளியில் நிரல் எழுதுவோர் அச்சமின்றித் தொழில் செய்வது இதனாலேயாம்.

வழக்கு எழுவது ஓட்டின் உட்புறத்தில். புதிய உறுப்புகளை ஆளும் இயக்கி நிரல்களைக் கருவுக்குள்ளேயே ஏற்றலாம். அவை கருவின் உட்கூறுகளை நேரே அழைப்பன. அவை வழிநூலா? குறிப்பு இதற்கு விடை கூறவில்லை. வேறோர் இயங்குதளத்திற்கென முன்பே எழுதப்பட்டு, பின்னர் லினக்ஸுக்கு ஏற்ப மாற்றப்பட்ட நிரலை வழிநூல் என்றல் அரிது. லினக்ஸ் கருவையே கருத்திற்கொண்டு எழுதியதை வழிநூலன்று என்றலும் அரிது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஆக்கிய இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறையும் திறந்த மூல நிரலே. ஆயின் அதன் உரிமம் ஜி.பி.எல். உரிமத்தோடு இணங்காதது. 2016-இல் உபுண்டு 16.04 பதிப்பு அதனைக் கருவில் ஏற்றும் கூறாக வழங்கியபோது, இஃது உரிம மீறல் என்றது மென்பொருள் உரிமை காக்கும் அமைப்பொன்று. மீறலன்று என்றது உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனம். அதே கோப்பு முறையைப் பயனர் வெளியில் இயக்கும் வடிவமும் முன்னரே இருந்தது. அங்கு இச்சிக்கல் எழவில்லை.

வி.எம்.வேர் நிறுவனம் தன் சொந்தக் கருவோடு லினக்ஸ் நிரல்களை இணைத்தது எனக் கூறி, லினக்ஸ் ஆக்குநருள் ஒருவரான கிறிஸ்டோப் ஹெல்விக் 2015-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2016-இல் அது தள்ளுபடியாயிற்று. 2019-இல் மேல்முறையீடும் தோற்றது. தமக்கு உரிமையுள்ள பகுதிகள் எவை என்பதை அவர் போதிய அளவு நிறுவவில்லை என்பதே காரணம். வழிநூல் எது என்னும் வினாவுக்கு நீதிமன்றம் விடை கூறவேயில்லை. எனினும், அந்நிரல் பகுதியைத் தன் ஆக்கத்திலிருந்து நீக்கப்போவதாக வி.எம்.வேர் பின்னர் அறிவித்தது.

என்விடியா நிறுவனமும் தன் இயக்கி நிரலின் மூலத்தை நெடுங்காலம் மறைத்தே வைத்திருந்தது. 2022 மே மாதம் கருவினுள் இயங்கும் பகுதியைத் திறந்து வெளியிட்டது; பயனர் வெளியில் இயங்கும் பகுதியை மூடியே வைத்தது. ஓடு எங்குளதோ, அங்கேயே அதன் திறப்பும் நின்றது என்க.

இவ்வெல்லை வெளிப்புறம் நகருமாயின், தம் உழைப்பால் தனிநிரல் ஆக்கியோர் உரிமை இழப்பர். உட்புறம் நகருமாயின், பல்லாயிரவர் கூடி ஆக்கிய பொதுச்சொத்தைச் சிலர் வேலியிட்டுக்கொள்வர். இயக்கி நிரலின் மூலம் மறைக்கப்பட்டிருப்பின், ஆக்கிய நிறுவனம் கைவிட்ட கருவியைப் பிறர் திருத்திப் பயன்படுத்துவதும் அரிதாகும். பழைய கணினிகளை வைத்துக் கற்பிக்கும் பள்ளிகளுக்கு இது பொருட்செலவாக வந்து சேரும். தமிழில் எழுத்துருவும் அகராதியும் விசைப்பலகையும் ஆக்கிப் பொதுவில் வழங்குவோர் டோர்வால்ட்ஸ் எழுதிய சிறு குறிப்பை நினைவிற் கொள்ளுதல் நன்று. தம் ஆக்கத்தைப் பயன்படுத்தல் எது, அதற்கு வழிநூல் செய்தல் எது என்பதை வெளியிடும் நாளிலேயே எழுதி வைத்தல் வேண்டும்.