மாட்டுக்கார வேலனுக்கு ஹாப்பி பர்த்டே!

‘‘படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் போகணும்!’’

தேனியிலிருந்து கூடலூர் வரை எந்தத் தெருவில் காதைக் கொடுத்தாலும், பரீட்சை சமயத்தில் இந்த வசனம் கேட்கும். அதே அப்பாதான், அதே பையனின் பிறந்தநாளுக்கு ‘கௌபாய் பார்ட்டி’ வைக்கிறார்! கௌபாய் என்றால் யார் ஸார்? சாட்சாத் மாட்டுக்காரப் பையன். 1970-லேயே எம்.ஜி.ஆர். ‘மாட்டுக்கார வேலன்’ ஆகிவிட்டார்.

நம்மைக் குழப்பியது சினிமா. 1972-ல் ‘கங்கா’வில் ஜெய்சங்கர், 2010-ல் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்க’த்தில் லாரன்ஸ்... எல்லோர் கையிலும் துப்பாக்கி. நிஜ கௌபாயோ, நம்மைப் போல மாதச் சம்பளக்காரர். 1860-களின் கடைசியிலிருந்து சுமார் இருபது வருஷம், டெக்ஸாஸிலிருந்து கன்சாஸ் ரயிலடிக்கு மாடு ஓட்டினார்கள். சம்பளம் முப்பது, நாற்பது டாலர். மந்தைக்குக் கடைசியில் வந்து புழுதி தின்கிற டியூட்டி, புதுசாகச் சேர்ந்த ஜூனியருக்கு. (எல்லா ஆபீஸும் ஒரே மாதிரிதான்!) கழுத்தில் கட்டிய கர்ச்சீப் ஸ்டைலுக்கு இல்லை, அந்தப் புழுதிக்கு மூக்கை மூட.

இது புரிந்துவிட்டால் பார்ட்டிக்குப் பெரிய செலவில்லை. பழைய காலண்டர் அட்டையை வெட்டி ஒட்டினால் தொப்பி. கிழிந்த கட்டம் போட்ட கைலியை முக்கோணமாக வெட்டினால் கர்ச்சீப். தென்னை மட்டைதான் குதிரை... கொள்ளு கேட்காது! ஸ்டூலைக் கவிழ்த்து வையுங்கள், நாலு காலும் நாலு கொம்பு. தூரத்தில் நின்று சுருக்குக் கயிறு வீசி மாட்ட வேண்டும். பக்கத்தில் பெரியவர் ஒருத்தர் கட்டாயம் நிற்கட்டும், குழந்தைகள் கழுத்துப் பக்கம் கயிறு போகவே கூடாது.

சாப்பாடு? கௌபாய்களுக்குத் தினமும் பீன்ஸ் விதை, நமக்குத் தட்டைப்பயறு சுண்டல். விஸ்கிக்குப் பதில் கம்பம் பன்னீர் திராட்சை ஜூஸ். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அசல் சரக்கு!

சீஃப் கெஸ்ட்டாக, மலைமாடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தரைக் கூப்பிட்டு நாற்காலி போடுங்கள். மழையில் மந்தையை எப்படிக் காப்பாற்றினார், தொலைந்த மாட்டை எப்படித் தேடினார் என்று பசங்க கேட்கட்டும். சீக்கிரம் கேட்பது நல்லது. அமெரிக்காவில் முள்கம்பி வேலியும் ரயிலும் வந்ததும் அந்த நெடும்பயணம் முடிந்துபோனது. இங்கே 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022-ல் புலிகள் காப்பகங்களுக்குள் மேய்ச்சல் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. புலியும் பிழைக்க வேண்டும், நியாயம்தான். மாட்டுக்காரர் எங்கே போவார் என்பதும் நியாயமான கேள்விதானே?

கம்பத்தில் தம்பிரான் மாட்டை உயிரோடு நிற்கிற சாமியாகக் கும்பிடுகிறோம். மாட்டுக்கு மாலை, மேய்க்கிறவர் பெயரில் பிள்ளைக்குத் திட்டு... இது என்ன கணக்கு?

அடுத்த பரீட்சைக்கு வேறு வசனம் யோசியுங்க, ஸார்!