இணைய வழங்கியின் மூல நிரலும் அதனைப் பேணும் முறையும்

ஒருவர் தம் கைத்தொலைபேசியில் ஓர் இணையத்தளத்தின் பெயரை எழுதித் தொட்டவுடன் வேண்டிய பக்கம் கண்முன்னே விரிகின்றது. அப்பக்கத்தை எடுத்து அனுப்பியது யாதென்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. எங்கோ ஒரு கணினியில், இரவு பகல் என்றில்லாது விழித்திருந்து, கேட்டார்க்குக் கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் மென்பொருள் ஒன்று உளது. அதனை வெப் சேர்வர் என்பர். தமிழில் இணைய வழங்கி என்னும் பெயர் வழக்கிலுள்ளது. எம் பழைய மாணவருள் இன்று கணினித் துறையிலே தொழில் புரிவோர் பலர். மேல்வகுப்பு மாணவருள் அத்துறையை நாடுவோர் அவரினும் பலர். ஆதலின் இவ்விழா மலரிலே அத்தகைய வழங்கி ஒன்றின் மூல நிரல் எங்ஙனம் காக்கப்பட்டும் திருத்தப்பட்டும் வருகின்றது என்பதனை எடுத்துரைக்க விரும்புகின்றோம். நாம் எடுத்துக்கொண்டது அப்பாச்சி என்னும் வழங்கி.

வழங்கியின் தொழில் பார்வைக்கு எளிது. நூல்நிலையத்திலே வாசகர் ஒருவர் நூற்பெயரைச் சீட்டில் எழுதி நீட்டுகின்றார். உதவியாளர் உள்ளே சென்று நூலை எடுத்து வருகின்றார். நூல் இல்லையெனில் இல்லை என்கின்றார். கொடுக்கலாகாத நூலெனில் மறுக்கின்றார். வழங்கி செய்வதும் இதுவே. 404 என்னும் எண்ணைத் திரையிற் கண்டிராதார் இலர்; அஃது ‘இல்லை’ என்னும் விடை. 403 என்பது ‘தரலாகாது’ என்னும் விடை. ஆனால் ஒரே நொடியில் ஆயிரம் பேர் சீட்டு நீட்டினால் என் செய்வது? எழுத்துப் பிழைபட்ட சீட்டையும், உள்ளே புகுந்து களவாடும் நோக்குடன் எழுதப்பட்ட சீட்டையும் எவ்வாறு பிரித்தறிவது? எளிதாய்த் தோன்றிய தொழில் இவ்விடத்தே கடினமாகின்றது.

இவ்வழங்கி சீ என்னும் கணினி மொழியில் எழுதப்பட்டது. மனிதர் வாசிக்கத்தக்க வடிவில் உள்ள அவ்வெழுத்தே மூல நிரல் எனப்படும். வணிக நிறுவனங்கள் பலவும் தம் மூல நிரலை மறைத்து வைப்பன. அப்பாச்சியின் மூல நிரலோ யாவர்க்கும் திறந்தே கிடக்கின்றது. எவரும் வாசிக்கலாம், எவரும் மாற்றலாம், மாற்றியதைப் பிறர்க்குக் கொடுக்கலாம், விற்கவுங்கூடும். மாற்றத்தைத் திருப்பித் தரவேண்டும் என்னும் கட்டாயமும் அதன் உரிமத்தில் இல்லை.

இதன் பிறப்பே பழுது பார்த்தலில் நிகழ்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மீக்கணினிப் பயன்பாட்டு நிலையத்திலே றொப் மக்கூல் என்பார் ஒரு வழங்கியை எழுதியிருந்தார். அக்காலத்தில் மிகுதியும் பயன்பட்டது அதுவே. 1994ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவர் அந்நிலையத்தை விட்டு நீங்க, வழங்கியின் வளர்ச்சி நின்றுவிட்டது. ஆயினும் அதனை நம்பித் தளம் நடத்தியோர் பலர். வழுக் கண்டவர் தத்தம் அளவில் திருத்திக்கொண்டனர். இத்தகைய திருத்தத்தை ஒட்டு என்பர். கிழிந்த ஆடைக்கு இடும் ஒட்டுப் போன்றதே. ஒருவரிடம் ஐந்து ஒட்டு, மற்றொருவரிடம் ஏழு ஒட்டு. ஒருவர் செய்தது மற்றவர்க்குத் தெரியாது. 1995 பெப்ருவரியிலே பிறையன் பெலன்டோர்ப், கிளிப் ஸ்கொல்னிக் ஆகியோரின் முயற்சியால் எண்மர் கொண்ட குழுவொன்று கடிதத் தொடர்பினாலே கூடிற்று. வெவ்வேறு ஊரினராகிய அவர்கள் தத்தம் ஒட்டுக்களை ஒன்று சேர்த்து, அவ்வாண்டு ஏப்பிரிலில் 0.6.2 என்னும் முதற் பொதுப் பதிப்பை வெளியிட்டனர். அப்பாச்சி என்பது வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் சிலரின் பெயர். ஆங்கிலத்தில் ‘ஒட்டுப்போட்டது’ என்னும் பொருளும் அவ்வொலியில் தொனிக்கின்றது.

ஒட்டுக்களின் மேல் ஒட்டாக எவ்வளவு காலந்தான் இடலாம்? குழுவினருள் ஒருவராகிய றொபேட் தௌ கட்டமைப்பையே புதிதாக வகுத்தார். வழங்கியின் நடுப்பகுதி சிறிதாகவும், ஏனைய தொழில்கள் பூட்டவும் கழற்றவும் இயலும் கூறுகளாகவும் அமைந்தன. இதன் பயன் பெரிது. கடவுச்சொற் காவலை மட்டும் திருத்த விரும்புவார் அக்கூற்றை மட்டும் கற்றாற் போதும், முழுவதையும் கற்கவேண்டுவதில்லை. 1995 திசெம்பர் 1ஆந் திகதி 1.0 என்னும் பதிப்பு வெளிவந்தது. 1996 ஏப்பிரிலில் உலகில் மிகுதியும் பயன்படும் வழங்கி இதுவே ஆயிற்று. 1998இல் ஐ.பி.எம். போன்ற பெருநிறுவனமும் தன் விற்பனைப் பொருளுக்கு இதனையே அடிப்படையாகக் கொண்டது. 1999 யூனில் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை சட்டமுறையாகப் பதியப்பட்டது.

திருப்பித் தரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லையாயின் மக்கள் ஏன் தம் திருத்தங்களைத் தருகின்றனர் என்னும் ஐயம் எழலாம். ஈகைக் குணம் என்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. தம் கணினிக்கென ஒட்டு ஒன்றைச் செய்து வைத்திருப்பார், புதுப் பதிப்பு வருந்தோறும் அவ்வொட்டை மீண்டும் பொருத்த வேண்டும். சூழவுள்ள நிரல் மாறியிருப்பின் ஒட்டும் மாற வேண்டும். ஆண்டுதோறும் கிடுகு மாற்றி வேலி அடைப்பது போன்ற வேலை அது. அதனைப் பொது நிரலிற் சேர்ப்பித்துவிட்டாலோ வேலி ஊருக்குப் பொதுவாகின்றது, அடைப்பாரும் பலராகின்றனர். தன்னலமும் பொதுநலமும் இவ்விடத்தே பிணக்கின்றி நிற்பதை நாம் வியந்து நோக்குகின்றோம்.

ஆனாற் பொது நிரலிற் சேர்ப்பது எளிதன்று. நிரலில் எழுதும் உரிமை, செய்த பணி கண்டு அழைக்கப்பட்டோர்க்கே உண்டு. பிறர் தம் ஒட்டை அனுப்பலாம். உரிமையுடையார் ஒருவர் அதனை ஆராய்ந்து ஏற்க வேண்டும். வளர்ச்சிக்கென வைத்துள்ள கிளையிலே உரிமையுடையார் முதலில் எழுதிவிடலாம். எழுதிய ஒவ்வொரு மாற்றமும் உடனே ஏனையோர் அனைவர்க்கும் மடலாகச் செல்லும். அவர்கள் பின்னர் ஆராய்வர். மக்கள் பயன்படுத்தும் நிலைத்த கிளைக்கோ விதி வேறு. மூவரேனும் ஆராய்ந்து +1 என்று வாக்களித்த பின்னரே மாற்றம் அங்கே புகும். -1 என்று ஒருவர் தடுப்பாராயின் மாற்றம் நிற்கும். ஆயின் அவர் தொழினுட்பக் காரணம் காட்டியே ஆகவேண்டும். காரணமில்லாத தடை செல்லாது. தலைவர் ஒருவரின் சொல்லுக்கு இங்கு இடமில்லை. யார் சொன்னார் என்பதன்றி என்ன காரணம் சொன்னார் என்பதே வினா.

இவ்வளவு காவல் இருந்தும் பிழை நேர்வதுண்டு. 2021ஆம் ஆண்டின் நிகழ்ச்சி, கணினி கற்போர் யாவரும் அறிந்திருக்கத் தக்கது. கோப்புக்களின் பாதையை எழுதும்போது இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் இட்டால் ‘மேலுள்ள உறைக்குச் செல்’ என்பது பொருள். தீயோர் இதனைத் திரும்பத் திரும்ப எழுதி, வழங்கியின் எல்லைக்கு அப்பாலுள்ள இரகசியக் கோப்புக்களை எட்ட முயல்வர். ஆகையால் வழங்கி அக்குறிகளைக் கண்டு களைந்துவிடும். ஆனால் இணைய முகவரியிலே ஒரு புள்ளியை நேரே எழுதாது, விழுக்காட்டுக் குறியும் 2 என்னும் இலக்கமும் ஈ என்னும் ஆங்கில எழுத்துமாக மறைத்து எழுதவும் விதி இடந்தருகின்றது. 2021 செத்தெம்பரில் வந்த 2.4.49 பதிப்பிலே பாதையை ஒழுங்குசெய்யும் பகுதியைத் திருத்தி எழுதியிருந்தனர். நோக்கம் நிரலைச் செம்மைப்படுத்துவதே. அப்பதிப்பும் வேண்டிய வாக்குக்களைப் பெற்றே வெளிவந்தது. ஆனால் முதற் புள்ளியை வெளிப்படையாகவும் இரண்டாம் புள்ளியை மறைத்தும் எழுதினால், புதிய நிரல் அதனை இரட்டைப் புள்ளியாக அறியாது விட்டது.

வழு தெரியவந்ததும் ஒக்டோபர் 4ஆந் திகதி 2.4.50 வெளியாயிற்று. அத்திருத்தமும் முழுமையுறவில்லை. மறைத்து எழுதியதனையே மீண்டும் ஒருமுறை மறைத்து எழுதினால், காவல் அதனையும் காணவில்லை. ஒக்டோபர் 7ஆந் திகதி 2.4.51 வந்த பின்னரே வாயில் அடைபட்டது. வழங்கியுடன் தரப்படும் அமைப்புக் கோப்பிலே ‘வெளியார் எவர்க்கும் எதனையும் தராதே’ என்னும் முதல்விதி இருந்தது. அதனை மாற்றாது வைத்திருந்தோர் தப்பினர். மாற்றியிருந்தோர்க்கே ஆபத்து நேர்ந்தது. நிரல்களை இயக்க வல்ல கூறும் அங்கே திறந்திருப்பின், கோப்புக்களை வாசிப்பதோடு அமையாது பகைவர் தம் கட்டளையை அக்கணினியில் நிறைவேற்றவும் முடிந்தது. இதிற் கவனிக்கத்தக்கது ஒன்று: 2.4.48 பதிப்பிலே இவ்வழு இல்லை. புதுப்பிக்கச் சோம்பியிருந்தோர் இம்முறை பிழைத்தனர். கடமை தவறாது உடனே புதுப்பித்தோரே இடர்ப்பட்டனர். இதனைக் கண்டு ‘பழையதே நன்று’ என்று கூறுவாரும் உளர். அக்கூற்று எமக்கு உடன்பாடன்று. பழைய பதிப்பிலே அடைபடாத வழுக்கள் பகைவர் அறிந்த வழுக்களாகும்.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி 2011இல் நேர்ந்தது. பெரிய கோப்பு ஒன்றின் ஒரு பகுதியை மட்டும் தருமாறு கேட்க இணைய விதியில் வழியுண்டு. இடையில் அறுந்த இறக்கத்தைத் தொடர்வதற்கு அது பயன்படும். ஒரே கேள்வியில் நூற்றுக்கணக்கான பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு கேட்டால், வழங்கி நினைவகம் நிறைந்து தளர்ந்து விழுந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 30ஆந் திகதி 2.2.20 பதிப்பு அதனைத் திருத்திற்று. ஆயின் இக்குறையை 2007இலேயே ஆராய்ச்சியாளர் ஒருவர் வெளிப்படையாக எழுதியிருந்தார். நான்கு ஆண்டுகள் அச்சொல் கவனிப்பாரின்றிக் கிடந்தது. கேடு செய்யும் கருவி ஒன்று வெளிவந்த பின்னரே கைகள் விரைந்தன. மாற்றியதால் வந்த கேடு ஒன்று. மாற்றாது விட்டதால் வந்த கேடு மற்றொன்று. பேணுவார் இவ்விரண்டிற்கும் நடுவே நாடோறும் நடக்க வேண்டியவராகின்றார்.

வேகத்தைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். தொடக்கத்திலே ஒவ்வொரு தொடர்புக்கும் கணினியில் ஒரு தனிச் செயலி ஒதுக்கப்பட்டது. ஒரு வாசகருக்கு ஓர் உதவியாளர் என்பது போல. 2009இலே றொபேட் ஹான்சன் என்பார் வெளியிட்ட ஒரு சிறு கருவி, சீட்டை முழுவதும் எழுதாது எழுத்தெழுத்தாக நீட்டிக்கொண்டே உதவியாளர் அனைவரையும் காத்து நிற்கச் செய்தது. 2010இலே கேள்வி வந்து முடியும் நேரத்துக்கு எல்லை குறிக்கும் கூறு சேர்க்கப்பட்டது. 2002இல் வந்த 2.0 பதிப்பு இழைகளைப் பயன்படுத்தும் வகையைத் தந்தது. 2012இல் வந்த 2.4 பதிப்பிலே, பேசாது காத்திருக்கும் தொடர்புகளை ஒருவரே கண்காணிக்க ஏனையோர் வேலை செய்யும் வகை நிலைபெற்றது. இதற்கிடையே உருசிய நாட்டவராகிய ஈகர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் என்னும் வழங்கி, தொடக்கம் முதலே இவ்வழியில் அமைந்தமையால் பெரிய தளங்கள் பலவற்றைக் கவர்ந்துகொண்டது. முதலிடம் இப்போது அப்பாச்சியிடம் இல்லை. பழைய கூறுகள் எல்லாம் தொடர்ந்து இயங்க வேண்டும் என்னும் கடப்பாடு உடையார் புதிதாகத் தொடங்குவார்போல விரைந்து ஓடுதல் இயலாது. 1.3 பதிப்பு, 2.0 வந்து எட்டு ஆண்டுகள் சென்ற பின்னரும், 2010 வரை பேணப்பட்டமை நினைக்கத்தக்கது.

இப்பணிக்குக் கூலி யார் தருகின்றார்? சிலர்க்கு அவர் வேலைபார்க்கும் நிறுவனம் தருகின்றது. பலர் ஓய்வு நேரத்திற் செய்கின்றனர். 2014 ஏப்பிரிலிலே, வழங்கிகள் மறைமொழிக்குப் பயன்படுத்தும் ஓபன் எஸ்.எஸ்.எல். என்னும் நிரலில் பெருவழு ஒன்று வெளிப்பட்டது. உலக வணிகம் அதனை நம்பியிருந்தது. அதனைப் பேணியோர்க்கோ நன்கொடையாக ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2000 டொலர் மட்டுமே கிடைத்து வந்தது என்பது அப்போதுதான் பலர்க்குத் தெரிந்தது. பயன்பெற்ற பெருநிறுவனங்கள் அதன் பின்னரே பணம் திரட்டின. இதனை நாம் நாகரிகமான செயலென்று கருதவில்லை.

எமது நாட்டவர்க்கும் இவ்வுலகில் இடமுண்டு. 2004 திசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அழிவு செய்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்கென இலங்கையைச் சேர்ந்த தொண்டர்கள் சகானா என்னும் திறந்த மூல மென்பொருளைச் சில கிழமைகளில் எழுதினர். அது அப்பாச்சி வழங்கியின் மேல் இயங்கிற்று. 2005இல் பாகித்தானில் நிலம் நடுங்கியபோதும் அது பயன்பட்டது. அறக்கட்டளையின் மற்றொரு மென்பொருளாகிய ஏக்சிஸ்2இன் கணிசமான பகுதியும் இலங்கையர் கையால் எழுதப்பட்டதே.

இதனை வாசிக்கும் மாணவருள் எவரேனும் வழங்கியின் நிரலிற் கைவைக்க விரும்பினால், புதுமை செய்யத் தொடங்குதல் வேண்டா. விளக்க நூலிலே தெளிவற்ற ஒரு வாக்கியத்தைத் திருத்தி அனுப்புதல் நல்ல தொடக்கம். பிறர் அறிவித்த வழு ஒன்றைத் தம் கணினியில் மீண்டும் நிகழ்த்திக் காட்டி, எப்பதிப்பில் தோன்றியது என்று எழுதுதல் அதனினும் பயனுடைத்து. பின்னர் ஒட்டு எழுதலாம். எழுதிய மறுநாளே அது ஏற்கப்படும் என்று எண்ணலாகாது. நிலைத்த கிளைக்கென முன்மொழியப்பட்ட மாற்றங்கள் ஒரு கோப்பிலே வரிசையாக எழுதப்பட்டிருக்கும். எவரும் அதனைத் திறந்து பார்க்கலாம். இரண்டு வாக்குப் பெற்ற ஒட்டு, மூன்றாமவர் ஒருவருக்கு ஓய்வு கிடைக்கும்வரை மாதக்கணக்கில் அங்கே காத்திருப்பதும் உண்டு.